வசியா தியேட்டரைக் காப்பாற்றுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய படங்களைத் திரையிட்ட விழாவின்போது அப்பத்தாவை யாங்கூன் வசியா தியேட்டருக்கு அழைத்துப் போயிருந்தேன். வெள்ளைக்காரன் காலத்தில் எக்செல்சியர் என்று பெயர் கொண்டிருந்த அரங்கம் அது. மாடிப்படியின் கைப்பிடியைத் தொட்டதும் அப்பத்தா அப்படியே நின்றுவிட்டார். தேய்ந்து வழவழத்த மரத்தை விரலால் தடவிக்கொண்டே, "இந்த வளைவுலதான்யா உங்க தாத்தா எனக்கு அவிச்ச கடலை வாங்கித் தந்தாரு" என்றார்.

1934இல் எடுத்த 'மியா கா நைங்' என்ற பர்மிய மௌனப் படத்தை இத்தாலி வரை கொண்டுபோய்ச் செப்பனிட்டார்கள். படச்சுருளுக்குக் கிடைத்த அந்தக் கவனிப்பு கட்டடத்துக்கும் கிடைக்க வேண்டாமா? வசியா இருக்கும் போஜோ சாலையில் வரிசையாக நின்ற பல அரங்குகள் இடிபட்டுவிட்டன. விழா நாட்களில் மட்டுமல்ல, மாதம் ஒருமுறையாவது வசியாவில் பழைய படம் போடுங்கள். படியேற முடியாத முதியவர்களுக்குக் கீழ்த்தளத்தில் இருக்கை ஒதுக்கினால் புண்ணியம்.

இப்படிக்கு,
ஒரு வாசகன், யாங்கூன்