செல்வாவுக்கு: படம் பார்க்கும்வரை ஃபோன் பண்ணாதே

எடிசன், நியூஜெர்சி
16 ஜூலை 2023

அன்புள்ள செல்வா,

நான் பதிலே போடுவதில்லை என்று ரமேஷிடம் புலம்பினாயாமே. அவனிடம் சொன்னால் தல்லாகுளத்தில் தண்டோரா போட்ட மாதிரி என்று தெரிந்தும் சொல்லியிருக்கிறாய். அலுவலகத்தில் ஆளைக் குறைத்துவிட்டார்கள், வேலையைக் குறைக்கவில்லை. சாக்கு இவ்வளவுதான். கீதாவுக்குத் தோள்வலி தேவலை. அம்மு செப்டம்பரில் காலேஜ் போகிறாள். என் முட்டியைப் பற்றிக் கேட்காதே.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று ராத்திரி ‘மிஷன் இம்பாசிபிள்’ ஏழாம் பாகம் பார்த்தேன். இதை ஃபோனில் சொல்லாமல் எழுதுவதற்குக் காரணம் நீதான். படத்தில் ஒரு ஆள் போய்ச் சேர்கிறார். ஃபோனில் பேசினால் யாரென்று ஐந்து நிமிடத்தில் என்னிடமிருந்து பிடுங்கிவிடுவாய், அதற்குள் ஆண்டாள்புரம் வரை தெரிந்துவிடும். முதல் பாகம் மதுரைக்கு வந்தபோது மேட்னி பார்த்துவிட்டு வெளியே வந்தவன், ஈவினிங் ஷோவுக்கு வரிசையில் நின்ற எங்களைப் பார்த்து, “அந்தக் கிழட்டுத் தலைவன்தான்டா துரோகி” என்று கத்தினாயே! ரமேஷ் இன்னும் உன்னை மன்னிக்கவில்லை.

இங்கே ஏழு மணிக் காட்சி என்று டிக்கெட்டில் போட்டிருந்தால் படம் ஏழே காலுக்கு மேல்தான் தொடங்கும். அதுவரை விளம்பரம், அப்புறம் டிரைலர், நடுவில் ஃபோனை அணைத்து வை என்று ஒரு பொம்மை வந்து உபதேசம். “ஏழு இருபதுக்குப் போனால் போதும்ப்பா” என்றாள் அம்மு. நான் கேட்கவில்லை. நியூஸ் ரீலையும் விக்கோ டர்மரிக்கையும் விடாமல் பார்த்து வளர்ந்தவன் நான். ஆறே முக்காலுக்கே போய் உட்கார்ந்துவிட்டோம்.

டிரைலர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு இப்போது ஒரு ஒவ்வாமையே வந்துவிட்டது, செல்வா. எல்லாம் ஒரே அச்சு. முதலில் ‘ப்ராம்ம்’ என்று காண்டாமிருகம் தும்மியது போல ஒரு சத்தம். பிறகு நமக்குத் தெரிந்த பழைய பாட்டு ஒன்றை ஒரு பெண் உயிர் போகிற மாதிரி மெதுவாகப் பாடுவாள். அப்புறம் இருட்டு, ஒரு வசனம், மறுபடி ப்ராம்ம். கடைசி நிமிடத்தில் படத்தில் இருக்கிற வெடி, அழுகை, முத்தம் எல்லாவற்றையும் வரிசையாகக் கொட்டிவிடுவார்கள். இரண்டரை நிமிடத்தில் முழுப் படமும் முடிந்துவிடும், அப்புறம் எதற்கு நான் காசு கொடுக்க வேண்டும்? 2014-இல் இந்த நாட்டுத் தியேட்டர் முதலாளிகள் சங்கமே இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம் என்று கேட்டுப் பார்த்தது. கட்டாயமில்லை என்று சொல்லிவிட்டுக் கேட்டால் யார் கேட்பார்கள்?

ஆனால் ஒன்று. ‘ஓப்பன்ஹைமர்’ டிரைலர் ஓடியபோது பக்கத்தில் அம்மு ஃபோனைக் கீழே வைத்துவிட்டாள். குண்டு வெடித்தது என்று உலகத்துக்கே தெரியும். இன்றைக்கு ஜூலை 16, 1945-இல் இதே நாள்தான் நியூ மெக்சிகோவில் வெடித்தார்கள். மறைக்க ஒன்றுமே இல்லாத கதை, அப்படியும் அடுத்த வெள்ளிக்கிழமைக்கு டிக்கெட் போடு என்கிறாள். முடிவைச் சொல்வதுதான் குற்றம் என்ற என் வாதம் அங்கேயே ஆட்டம் கண்டது. அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை.

சரி, படம். நார்வேயில் ஒரு மலை உச்சியிலிருந்து டாம் குரூஸ் பைக்கோடு பாய்கிறாரே, அதை முதன்முதலில் 2022 மே மாதம் ‘டாப் கன்’ இரண்டாம் பாகத்துக்கு முன்னால் போட்ட டிரைலரில் பார்த்தேன். உடம்பே சிலிர்த்தது. அப்புறம் அதே டிசம்பரில் அதை எப்படி எடுத்தார்கள் என்று தனியாக ஒரு படமே இணையத்தில் விட்டார்கள். ஐந்நூறு தடவை விமானத்திலிருந்து குதித்துப் பழகினாராம், பைக்கில் பதின்மூன்றாயிரம் தாவல்களாம். படப்பிடிப்பின் முதல் நாளே அதைத்தான் எடுத்திருக்கிறார்கள். ஆளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் மிச்சப் பணத்தைச் செலவு செய்வதற்கு முன்பே தெரிந்துவிடும் அல்லவா! நம் சுப்பையா செட்டியார் மாதிரிக் கணக்கு. அதற்குப் பிறகும் எந்தப் படத்துக்குப் போனாலும் அந்த மனிதர் குதித்துக்கொண்டே இருந்தார். நேற்று படத்தில் அந்த இடம் வந்தது. ஐம்பத்தெட்டு வயதில் ஒரு ஆள் நிஜமாகவே மலையிலிருந்து விழுகிறார், நான் பாப்கார்னில் வெடிக்காத சோளத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். கோபமாக வந்தது. 1991-இல் ‘டெர்மினேட்டர்’ இரண்டாம் பாகத்தில் அர்னால்ட் கொல்ல வந்தவரா காப்பாற்ற வந்தவரா என்று ஜேம்ஸ் கேமரூன் அரை மணி நேரம் பொத்திப் பொத்தி வைத்திருப்பார். டிரைலர் அதைத் தெருவிலேயே போட்டு உடைத்தது. அன்றிலிருந்து இவர்கள் திருந்தவில்லை.

ஆனால் கடைசியில் ஒரு ரயில் வருகிறது. பாலம் உடைந்து எஞ்சின் கீழே பாய்கிறது, அது டிரைலரிலேயே உண்டு. அதை எடுக்க முதலில் போலந்தில் நூறு வருடத்துக்கும் மேற்பட்ட நிஜப் பாலம் ஒன்றின் மேல் கண்வைத்தார்கள். அங்கே எதிர்ப்புக் கிளம்பியதால் இங்கிலாந்தில் டெர்பிஷயர் பக்கம் ஒரு கல்குவாரிக்குப் போய், எஞ்சினை நிஜமாகவே உள்ளே தள்ளினார்கள். நான் சொல்வது அதற்கு அப்புறம் நடப்பது. பெட்டிகள் ஒவ்வொன்றாகத் தொங்கித் தொங்கி விழ, டாம் குரூஸும் கூட இருக்கும் பெண்ணும் ஒரு பெட்டியிலிருந்து அடுத்ததற்கு ஏறுகிறார்கள். சமையல் பெட்டி, அதற்கு மேல் இன்னொன்று. சாய்ந்து நிற்கும் அறையில் எது எப்போது தலைமேல் வரும் என்று தெரியாது. ‘முடிந்தது’ என்று மூச்சு விட்டால் மேலே இன்னொரு பெட்டி. அம்மு என் கையைப் பிடித்தாள். பத்து வயதுக்குப் பிறகு அவள் என் கையைப் பிடித்து நான் பார்க்கவில்லை. ரோமில் சின்ன மஞ்சள் ஃபியட் காரில் கைவிலங்கோடு ஓட்டும் துரத்தலும் நல்ல சிரிப்பு. நடுவில் கணினி மூளையைப் பற்றி ஆளாளுக்கு இருட்டறையில் விளக்கம் சொல்லும் இடங்களில் ஒரு தூக்கம் போடலாம். படம் இரண்டே முக்கால் மணி நேரம், பாத்ரூம் போக அதுதான் நேரம்.

அந்தக் கணினி மூளைதான் வில்லன் என்பதைச் சொல்லலாம், அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். படம் வந்தது புதன்கிழமை. வெள்ளிக்கிழமை ஹாலிவுட் நடிகர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கிவிட்டார்கள். எழுத்தாளர்கள் மே மாதமே இறங்கியவர்கள். இருவரும் சேர்ந்து இறங்குவது 1960-க்குப் பிறகு இப்போதுதான். கேட்பதில் ஒன்று இதே ஏஐ விவகாரம். கூட்டத்தில் நிற்கிற துணை நடிகரை ஒரு நாள் கூலிக்கு ஸ்கேன் எடுத்துவிட்டு அந்த உருவத்தை எப்போதும் பயன்படுத்தப் பார்க்கிறார்கள் என்கிறது சங்கம். கம்பெனிகள் இல்லை என்கின்றன.

இதைப் படித்ததும் உன் அப்பாதான் ஞாபகம் வந்தார். படத்தின் ஸ்டில்லில் கட்டம் போட்டு, அதைப் பேனர் துணியில் பெரிதாக்கி, சாரத்தில் ஏறி வரைவாரே. வில்லன் முகத்துக்கு ஒரு பச்சை அடிப்பார் பார், படம் பார்க்காமலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். நீ எங்கே கற்றாய் என்று இப்போது புரிகிறது! ஃப்ளெக்ஸ் வந்த பிறகு அவர் திண்ணையில் உட்கார்ந்திருந்ததை நானும் பார்த்தேன். அவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை, நாமும் கேட்டதில்லை.

உன் சின்னவன் விஷுவல் எஃபெக்ட்ஸ் படிக்க ஆசைப்படுகிறான், சேர்க்கலாமா என்று கேட்டிருந்தாய். நான் பதில் போடாததற்கு உண்மையான காரணம் இந்தக் கேள்விதான். என் வேலையில் நான் எழுதும் டெஸ்ட் ரிப்போர்ட்டை இப்போது ஒரு மென்பொருள் எழுதுகிறது, நான் திருத்துகிறேன். அடுத்த வருடம் திருத்தவும் ஆள் தேவைப்படாமல் போகலாம். இந்த நிலைமையில் நான் உனக்கு என்ன சொல்ல? ஆனால் வேண்டாம் என்றும் கை எழுத மாட்டேன் என்கிறது. அந்த ரயில் பெட்டிகளை ஒன்றின் பின் ஒன்றாக விழவைக்க வேண்டும் என்று யோசித்தவர் யாரோ ஒருவர் இருக்கிறார். சாஃப்ட்வேரை மட்டும் சொல்லித்தரும் கோர்ஸ் என்றால் பணத்தைக் கொட்டாதே. வரையச் சொல்லித்தருகிறார்களா, பாடம் நடத்துபவர்கள் படத்தில் வேலை செய்தவர்களா என்று நேரில் போய் விசாரி. பழைய மாணவர்கள் இரண்டு பேரின் நம்பர் வாங்கிப் பேசு.

அவனை நோட்டில் கிறுக்கியதிலிருந்து எனக்கு நாலு பக்கம் ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொல். நீ பொறுக்கி எடுக்காதே, அவனே அனுப்பட்டும். முன்பணம் கட்டக் கடைசித் தேதி என்றைக்கு என்று மறக்காமல் எழுது.

அன்புடன்,
பாலு