பாட்டின் பேர் போதாது, ராகத்தின் பேரையும் எழுது

பாளையங்கோட்டை
நவம்பர் 18

அன்புள்ள ஜெபா,

உன் கடிதமும் பாட்டுப் பட்டியலும் கிடைத்தன. இங்கே எல்லாரும் சுகம். கேரல் ரவுண்ட்ஸுக்குத் தெருவாரியாக அட்டவணை போட்டாகிவிட்டது. செல்வின் இந்த வருஷம் டெனர் என்கிற மேல் ஆண்குரலை விட்டுவிட்டு பேஸ் என்கிற அடிக்குரலில் நிற்கிறான், வயசு அப்படி. மற்ற ஊர்க்கதையை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன், நீ கேட்டதுக்கு முதலில் வருகிறேன்.

பத்துப் பாட்டு எழுதியிருக்கிறாய், ஒன்றுக்குக்கூட ராகத்தின் பேர், அதாவது எந்த மெட்டு என்பது, போடவில்லை. உன் கொயரில் ஷெஃபீல்டுக்காரர்கள், அமெரிக்காவிலிருந்து படிக்க வந்த பிள்ளைகள், ஒரு வேல்ஸ் பாட்டியம்மா, நம்ம ஆட்கள் நாலு குடும்பம். இவர்கள் எல்லாரும் ஒரே பாட்டைச் சொல்வார்கள், ஆனால் ஆளுக்கொரு ராகம் மனசில் இருக்கும். ஒத்திகையில் சமாளித்துவிடலாம். ஆராதனை அன்றைக்கு சபையார் எழுந்து நிற்கும்போதுதான் பிரச்சினை வரும்.

‘ஓ லிட்டில் டவுன் ஆஃப் பெத்லகேம்’ உன் பட்டியலில் மூன்றாவது. எழுதியவர் ஃபிலடெல்ஃபியாவில் போதகராக இருந்த ஃபிலிப்ஸ் புரூக்ஸ். 1865-இல் பெத்லகேமுக்குப் போய்வந்தவர், 1868-இல் சண்டே ஸ்கூல் பிள்ளைகளுக்காக எழுதினார். அவருடைய ஆர்கனிஸ்ட் லூயிஸ் ரெட்னர் போட்ட ‘செயின்ட் லூயிஸ்’ ராகத்தைத்தான் அமெரிக்கர்கள் இன்றும் பாடுகிறார்கள். இங்கிலாந்தில் 1906-இல் ‘இங்லிஷ் ஹிம்னல்’ என்ற பாட்டுப் புத்தகம் வந்தபோது இசைப் பொறுப்பில் இருந்தவர் வான் வில்லியம்ஸ். சரே மாவட்டத்தில் ஃபாரஸ்ட் கிரீன் என்ற கிராமத்தில் தான் கேட்டு எழுதிவைத்திருந்த ஒரு நாட்டுப்பாட்டு மெட்டை இந்த வரிகளுக்குப் பொருத்திவிட்டார். அதிலிருந்து இங்கிலாந்துக்கு இதே பாட்டு ‘ஃபாரஸ்ட் கிரீன்’ ஆகிவிட்டது.

இரண்டுமே பெரும்பாலும் எஃப் மேஜர் ஸ்கேலில்தான் அச்சாகின்றன, இரண்டுமே தாளத்துக்கு முந்தின அசையில்தான் எடுக்கின்றன. கீபோர்டில் எஃப் கார்டு என்கிற சுரக்கூட்டு ஒன்றை மட்டும் தட்டி ‘ஆரம்பிக்கலாம்’ என்றால் எது வரப்போகிறது என்று யாருக்கும் தெரியாது. பாதிப் பேர் ஒன்றில், பாதிப் பேர் இன்னொன்றில் தொடங்கி, இரண்டாவது வரியில் எல்லாரும் வாயை மூடிக்கொள்வார்கள். ஆகவே முன்னிசைக்கு எப்போதும் பாட்டின் முதல் வரியையே முழுசாக வாசிக்கச் சொல். கடைசி வரியை வாசித்துவிட்டு எடுப்பது பல ஆர்கனிஸ்டுகளுக்குப் பழக்கம். ஒரே ராகம் எல்லாருக்கும் தெரிந்த சபையில் அது சரி, உன் சபைக்கு ஆகாது.

எதைத் தேர்ந்தெடுப்பது என்றால், என் ஓட்டு சபையாருக்கு ஃபாரஸ்ட் கிரீன். முதல் மெட்டே இரண்டாம் முறையும் வரும், நடுவில் மட்டும் வேறு, கடைசியில் மறுபடி அதே. முதல் கவி, அதாவது பாட்டின் முதல் பத்தி, முடிவதற்குள் புதியவர்களும் பிடித்துக்கொள்வார்கள். செயின்ட் லூயிஸில் ஒரு கண்ணி இருக்கிறது. முதல் மூன்று அசையும் ஒரே சுரம், நாலாவது அசையான ‘டவுன்’ அரைச் சுரம் இறங்கி, உடனே பழைய சுரத்துக்கு ஏற வேண்டும். இறங்குகிறவர்கள் முழுசாக ஏற மாட்டார்கள். துணைக்கருவி இல்லாமல் நாலு கவி பாடினால் பாட்டு முழுவதுமே சுருதி இறங்கி எங்கேயோ போய் நிற்கும். சோப்ரானோக்களை, அதாவது மேல்குரல் பாடுகிறவர்களை, அந்த ஐந்து அசையை மட்டும் ‘நூ’ என்ற ஒலியில் மெதுவாகப் பத்து தடவை பாடவை, வார்த்தை அப்புறம். அமெரிக்கப் பிள்ளைகளுக்காக அதைக் கொயர் தனியாக ஒரு இடத்தில் பாடட்டும், சபைக்கு ஃபாரஸ்ட் கிரீன் இருக்கட்டும். ஒரே பாட்டில் இரண்டு கவி இப்படி, இரண்டு கவி அப்படி என்று கலக்கச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். எழுத்தில் பொருந்தும், பாடும்போது பொருந்தாது.

‘அவே இன் எ மேஞ்சர்’ கதையும் இதே மாதிரிதான். லூத்தர் தன் பிள்ளைகளுக்காக எழுதியது என்று பழைய புத்தகங்களில் போட்டிருப்பார்கள், நம்பாதே. அது அமெரிக்காவில் 1880-களில் அச்சான பாட்டு. 1887-இல் ஜேம்ஸ் மர்ரி வெளியிட்ட ராகம் அமெரிக்கர்களுடையது. 1895-இல் வில்லியம் கர்க்பாட்ரிக் போட்டதை இங்கிலாந்துக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள், அவரும் அமெரிக்கர்தான் என்பது வேடிக்கை. இரண்டும் மூன்றெண்ணிக்கைத் தாளம், ஆனால் போகிற திசை நேர் எதிர். கர்க்பாட்ரிக் கீழ் ‘சோ’விலிருந்து (நம்ம ‘ப’) ‘டோ’வுக்கு (நம்ம ‘ச’) ஏறித் தொடங்கும். மர்ரி மேல் ‘சோ’வில் தொடங்கி, முதல் வரியின் பதினொரு அசை முடிவதற்குள் கீழ் ‘சோ’ வரைக்கும் படிப்படியாக இறங்கிவிடும், ஒரு முழு ஸ்தாயி. சின்னப் பிள்ளைகளுக்கு அந்த அடி சுரம் வராது, காற்று மட்டும் வரும். எஃப் மேஜரில் அடி சுரம் நடு சி. அதற்குக் கீழே போகாதே. பிள்ளைகள் பாடுவதாக இருந்தால் ஜி-க்கு ஏற்று. கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பொத்தான் அமுக்கினால் ஆயிற்று, ஆனால் அடுத்த பாட்டுக்கு முன் அதை மறுபடி பூஜ்யத்துக்குக் கொண்டுவர ஒரு ஆளை நியமித்துவிடு. அதுதான் எல்லா இடத்திலும் மறந்துபோகிற வேலை.

‘ஏஞ்சல்ஸ் ஃப்ரம் த ரெல்ம்ஸ் ஆஃப் குளோரி’யை நீ கட்டாயம் வைக்க வேண்டும், ஏனென்றால் அது உன் ஊர்ச் சரக்கு. ஜேம்ஸ் மான்ட்கோமரி ஷெஃபீல்டில் ‘ஐரிஸ்’ என்ற பத்திரிகையை நடத்தியவர். 1816 டிசம்பர் 24 இதழில் இதை வெளியிட்டார். இங்கிலாந்தில் இதை ஒரு பிரெஞ்சு மெட்டில், நீளமான ‘குளோரியா’ பல்லவியோடு பாடுகிறார்கள். பத்திரிகையின் பேரே அந்த ராகத்துக்கும் பேர், ‘ஐரிஸ்’. அமெரிக்கர்களுக்கு இந்த வரிகள் ஹென்றி ஸ்மார்ட்டின் ‘ரீஜன்ட் ஸ்கொயர்’ ராகத்தில்தான் தெரியும். அந்த குளோரியா மெட்டு அவர்களுக்கு ‘ஏஞ்சல்ஸ் வீ ஹேவ் ஹேர்ட் ஆன் ஹை’ என்ற வேறு பாட்டு. இரண்டும் ‘ஏஞ்சல்ஸ்’ என்றே தொடங்குவதால், முன்னிசை கேட்டதும் அவர்கள் தாளைப் பார்க்காமல் அந்தப் பாட்டைப் பாடத் தொடங்கிவிடுவார்கள். இடிக்கிற இடம் முதல் வரியின் முடிவு. அவர்கள் பாட்டில் வரிக்கு ஏழு அசை, கடைசி அசை ‘ஹை’ நீண்டு நிற்கும். மான்ட்கோமரியின் முதல் வரிக்கு எட்டு அசை, அந்த நீண்ட சுரம் இரண்டாக உடைந்து ‘குளோ–ரி’ ஆகும். பாடத் தொடங்குமுன் முதல் வரியைச் சத்தமாக ஒருமுறை வாசித்துவிடு, அது போதும். குளோரியா ஓடுகிற இடத்தில் எல்லாரும் ஒரே இடத்தில் மூச்செடுத்தால் பாட்டில் ஓட்டை விழும். சோப்ரானோக்களை இரண்டாகப் பிரித்து மாறிமாறி எடுக்கச் சொல்.

இப்போது ஷெஃபீல்டின் உண்மையான சங்கதி. ‘வைல் ஷெப்பர்ட்ஸ் வாட்ச்ட்’ என்ற பாட்டுக்கு நீ ஒரு வரிதான் ஒதுக்கியிருக்கிறாய், நான் ஒரு பக்கம் ஒதுக்குவேன். நேஹம் டேட்டுடைய வரிகள், 1700-இல், வேதாகமச் சங்கீதங்களைப் பாட்டாக்கிய புத்தகத்தின் இணைப்பில் வந்தவை. இங்கிலாந்துத் திருச்சபையில் அந்தக் காலத்தில் பெரும்பாலும் சங்கீதங்களைத்தான் பாடலாம். கிறிஸ்துமஸுக்கென்று அனுமதி கிடைத்தது இந்த ஒரு பாட்டுக்கு, அதுவும் ரொம்ப காலத்துக்கு. வரிகளின் அளவோ எட்டு, ஆறு, எட்டு, ஆறு. சங்கீத ராகங்களில் பாதி அந்த அளவுதான். ஒரே பாட்டு, நூறு ராகம் பொருந்தும் என்றால் ஊர்ப் பாட்டுக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஊருக்கொரு ராகம் பிறந்தது. பிறகு பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோவில் மாடியில் வயலினும் பாஸூன் என்ற ஊதுகருவியும் வாசித்தவர்களை இறக்கிவிட்டு ஆர்கன் வைத்தார்கள். 1861-இல் வந்த ‘ஹிம்ஸ் ஏன்ஷியன்ட் அண்ட் மாடர்ன்’ புத்தகம் 1592-ஆம் வருஷத்து ‘வின்செஸ்டர் ஓல்ட்’ ராகத்தை இந்தப் பாட்டோடு கட்டிவைத்தது. மற்ற ராகங்களுக்குக் கோவிலில் இடமில்லாமல் போயிற்று. உன் ஊரைச் சுற்றியுள்ள கிராமங்களில் அவை பப்புக்குள், அதாவது ஊர் மதுக்கடைக்குள், போய்ப் பிழைத்துக்கொண்டன.

டங்வொர்த்தில் ராயல் ஹோட்டல் என்ற பப் இருக்கிறது, ஞாயிறு மத்தியானம் போ. நவம்பர் நடுவில் தொடங்கி பாக்ஸிங் டே (டிசம்பர் 26) வரைக்கும் பாட்டு நடக்கும், ஆகவே இப்போதே தொடங்கியிருக்கும். சீக்கிரம் போகாவிட்டால் நிற்கக்கூட இடம் கிடைக்காது. வொர்ரல், ஸ்டானிங்டன், ஸ்டாக்ஸ்பிரிட்ஜ் பக்கமும் உண்டு, ஒரு ஊர்ப் பட்டியல் அடுத்த ஊரில் அப்படியே இருக்காது. இந்த ஒரே பாட்டுக்கு அந்தப் பகுதியில் ஒரு டஜனுக்கு மேல் ராகம் உண்டு. ‘ஓல்ட் ஃபாஸ்டர்’, ‘லிவர்பூல்’, ‘பென்டன்வில்’, ‘ஸ்வீட் பெல்ஸ்’, ‘கிரான்புரூக்’ இவையெல்லாம் உன் காதில் விழும். அங்கே ‘வைல் ஷெப்பர்ட்ஸ் பாடலாமா?’ என்று கேட்டால் சிரிப்பார்கள். ராகத்தின் பேரைச் சொல்லித்தான் பாட்டை எடுப்பார்கள். ‘கிரான்புரூக்’ கான்டர்பரியில் செருப்புத் தைத்த தாமஸ் கிளார்க் என்பவர் 1805-இல் வெளியிட்டது. யார்க்‌ஷர்க்காரர்கள் பின்னால் அதில் ‘இல்க்லா மூர்’ பாட்டைப் பாடி, ராகத்தையே தங்கள் தேசியகீதமாக்கிவிட்டார்கள்.

உன் கொயருக்கு அதில் ஒன்றை எடுக்க ஆசைப்படுவாய். கிரான்புரூக் எடு. ஆனால் இது வின்செஸ்டர் ஓல்ட் மாதிரி நேராக நாலு வரி பாடி முடிகிற ராகம் இல்லை. கடைசி வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லும், ஆண்களும் பெண்களும் ஒருவர்பின் ஒருவர் நுழைவார்கள். ஆறு கவி முழுசாகப் பாடினால் வின்செஸ்டர் ஓல்டைவிட ரொம்ப நேரம் பிடிக்கும், ஆகவே நாலு கவியோடு நிறுத்து. தாளில் திரும்ப வருகிற வரிகளை அச்சடிக்காதே, படிக்கிறவர்கள் எந்தச் சுற்றில் இருக்கிறோம் என்று தொலைந்துபோவார்கள். நாலு வரி மட்டும் போடு, நுழைவைக் கையால் காட்டு. இந்த ராகங்களில் கெட்டுப்போவது எப்போதும் தாளம்தான். பின்னால் நுழைகிறவர்கள் முன்னால் போகிறவர்களைக் கேட்டுக் கேட்டு இழுப்பார்கள். பேஸ்களை முன்வரிசைக்குக் கொண்டுவா, அவர்கள் இழுக்காவிட்டால் மற்றவர்களும் இழுக்க மாட்டார்கள்.

வேல்ஸ் பாட்டியம்மாவிடம் ‘பிளகைன்’ என்று ஒரு வார்த்தை சொல்லிப் பார், முகம் மலரும். கிறிஸ்துமஸ் அன்று விடியுமுன் மூன்று மணிக்கும் ஆறு மணிக்கும் இடையில் நடந்த பாட்டு ஆராதனை அது. வேல்ஸில் மான்ட்கோமரிஷர்ப் பக்கம் இன்னும் உயிரோடு இருக்கிறது, இப்போது பெரும்பாலும் சாயங்காலத்தில். கருவி கிடையாது, அறிவிப்பு கிடையாது. ஒரு குடும்பமோ மூன்று ஆண்களோ எழுந்து முன்னால் போய், சுருதிக் கவையைத் தட்டிக் காதில் வைத்துப் பாடிவிட்டு வந்து உட்காருவார்கள். கை தட்ட மாட்டார்கள். எல்லாரும் பாடி முடிந்தபின் அதே வரிசையில் இரண்டாம் சுற்று. அன்றைக்கு ஒருவர் பாடியதை இன்னொருவர் பாடக் கூடாது, அதனால் ஒவ்வொரு கூட்டமும் உபரியாக இரண்டு மூன்று பாட்டு கைவசம் வைத்திருக்கும். முடிவில் பாடிய ஆண்கள் அத்தனை பேரும் முன்னால் வந்து ‘கேரல் அ சுப்பெர்’ பாடுவார்கள். பாட்டுகள் நீளம், ஏதேன் தோட்டத்தில் தொடங்கி சிலுவை வரைக்கும் போகும். உன் நிகழ்ச்சியில் பத்து நிமிஷம் இந்த முறைக்கு ஒதுக்கிப் பார். நம்ம குடும்பங்களும் அதில் எழுந்து ஒரு கீர்த்தனை பாடலாம்.

கீர்த்தனை என்றதும் ஒன்று. சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்புவது அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியாது. முதல் சரணத்தோடு பாட்டு முடிந்தது என்று உட்கார்ந்துவிடுவார்கள். தாளில் ஒவ்வொரு சரணத்துக்கும் கீழே பல்லவியின் முதல் வரியை ஆங்கில எழுத்தில் திரும்ப அச்சடி. நம்ம ஆட்களையும் எச்சரி, ஒவ்வொரு சரணத்துக்கும் வேகம் கூட்டாதே என்று. தபேலா இருந்தால் கூட்டத்தான் செய்வார்கள்.

கடைசியாக ‘சைலன்ட் நைட்’. இதில் ராகச் சண்டை இல்லை, 1818-இல் ஆஸ்திரியாவின் ஓபெர்ன்டார்ஃப் கோவிலுக்காக குரூபர் போட்டதையே எல்லாரும் பாடுகிறார்கள், சில சுரங்கள்தான் மாறியிருக்கின்றன. சண்டை ஸ்கேலில். அடி சுரத்துக்கும் உச்சிக்கும் இடையில் ஒரு ஸ்தாயிக்கு மேல் இன்னும் மூன்று சுரம் போகும். சி மேஜரில் எடுத்தால் உச்சி மேல் எஃப், ஆண்கள் விட்டுவிடுவார்கள். ஏ-யில் எடுத்தால் பிள்ளைகளுக்கு அடி சுரம் கிடைக்காது. பி ஃபிளாட்தான் எல்லாருக்கும் தாங்கும். ஆஸ்திரியாவில் கிறிஸ்துமஸுக்கு முந்தின சாயங்காலம்வரை அதைப் பாடாமல் வைத்திருப்பது வழக்கம். உன் ஆராதனை 15-ஆம் தேதி என்றால் அந்த ஊர்க்காரர் யாராவது வந்திருக்கிறாரா என்று பார்த்துக்கொள்.

பாட்டுத் தாள் அச்சுக்குப் போகுமுன் ஒரு படம் எடுத்து அனுப்பு. ஒவ்வொரு தலைப்புக்குக் கீழும் ராகத்தின் பேரும் ஸ்கேலும் இருக்க வேண்டும். கீபோர்டில் இருப்பவர் தாளைப் பார்த்து வாசிப்பவரா, காதால் வாசிப்பவரா என்றும் எழுது. காதால் வாசிப்பவர் என்றால் அவர் எந்த நாட்டில் வளர்ந்தவர் என்பதுதான் எனக்கு முதலில் தெரிய வேண்டும்.

வீட்டில் எல்லாருக்கும் ஸ்தோத்திரம் சொல்.

அன்புடன்,
தவராஜ்