பாப்பா, இந்த சீசனைப் பற்றி எழுத வேண்டும் என்று இருந்தேன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஃபோனில் பேச ஆரம்பித்தாலே உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது, அதனால் எழுதியே விடுகிறேன். 2025 ஏப்ரல் 12 ராத்திரி செயின்ட் லூயிஸில், அமெரிக்கக் காலேஜ் ஐஸ் ஹாக்கி ஃபைனலில், உன் காலேஜ் வெஸ்டர்ன் மிச்சிகன் பாஸ்டன் யுனிவர்சிட்டியை 6-2 என்று ஜெயித்தபோது அம்மா அழுதுவிட்டாள். நானும்தான்.

2022-ல், நீ கடைசி வருஷம் படிக்கும்போது, நார்த்ஈஸ்டர்னை ஓவர்டைமில் ஜெயித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? தேசிய அளவிலான என்.சி.ஏ.ஏ. காலேஜ் டோர்னமென்டில் இந்தக் காலேஜ் ஜெயித்த முதல் மேட்ச் அதுதான். அந்த ஒன்றைத் தவிர வேறு இல்லை, இந்த மார்ச் வரைக்கும். இப்போது வரிசையாக நான்கு, கூடவே பட்டமும். முதல் மேட்சே மினசோட்டா ஸ்டேட்டோடு இரண்டாவது ஓவர்டைம் வரை போய் 2-1. அப்புறம் மாசசூசெட்ஸை 2-1. செமிஃபைனலில் நடப்புச் சாம்பியன் டென்வர். 2-0 என்று முன்னால் இருந்தோம், மூன்றாவது பீரியடில் அவர்கள் சமன் செய்துவிட்டார்கள், எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. மறுபடியும் இரண்டாவது ஓவர்டைம், ஓவன் மைக்கேல்ஸ் கோல் போட்டுத்தான் மூச்சு வந்தது. ஃபைனலிலும் அவன் இரண்டு போட்டான்.

சீசன் முழுக்க 34 வெற்றி, 7 தோல்வி, ஒரு டிரா. லீக் பட்டம், லீக் டோர்னமென்ட், தேசியப் பட்டம், மூன்றும் ஒரே வருஷத்தில். இது அதிர்ஷ்டத்தில் வந்தது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கோச் ஃபெர்ஷ்வைலர் இதே காலேஜில் ஆடியவர், 2021-ல் பொறுப்பெடுத்தார். பெரிய பெயர் உள்ள பதினெட்டு வயதுப் பையன்களைத் தேடி ஓடாமல், டிம் வாஷ் மாதிரி ஐந்து வருஷம் இங்கேயே இருந்து வளர்ந்த பையனைக் கேப்டனாக வைத்து, டீமைக் கட்டினார். பக், அதுதான் அந்த ரப்பர் வட்டு, மூலையில் மாட்டிக்கொண்டால் முதலில் போய் நிற்பது நம் பையன்கள்தான், அது பல வருஷம் சேர்ந்து ஆடினால்தான் வரும்.

இனிமேல்தான் எனக்குக் கவலை. வாஷ் அனாஹைமுக்கும் அலெக்ஸ் பம்ப் ஃபிலடெல்ஃபியாவுக்கும், தொழில்முறை டீம்களில் ஆட, கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். அது நடக்க வேண்டியதுதான், நல்லா இருக்கட்டும். ஆனால் விதியும் மாறுகிறது. கனடாவில் இளம் பையன்கள் ஆடும் மேஜர் ஜூனியர் லீக்கில் ஆடியவர்களுக்கு இத்தனை நாள் அமெரிக்கக் காலேஜ் ஹாக்கியில் இடமில்லை, 2025 ஆகஸ்ட் 1 முதல் உண்டு. அங்கிருந்து வரும் நட்சத்திரப் பையன்களைப் பெரிய காலேஜ்கள் பணத்தைக் காட்டிக் கூட்டிப்போகும். நம் லாசன் அரீனாவில் நாலாயிரம் பேர்கூட உட்கார முடியாது. டவுனில் புது அரங்கம் 2027-ல் திறக்கும் என்கிறார்கள், அதுவரை எப்படித் தாக்குப்பிடிப்பது?

என்னைக் கேட்டால், கனடாவிலிருந்து இரண்டு மூன்று பேரை எடுக்கலாம், ஆனால் டீமின் நடுவில் இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுப் பையன்கள் இருக்க வேண்டும், அதை மட்டும் விடக் கூடாது. அடுத்த வருஷமும் பட்டம் வருமா என்றால் கஷ்டம். டோர்னமென்டுக்குப் போவோம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அக்டோபரில் முதல் ஹோம் மேட்ச் தேதி வந்ததும் உனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துவிடுவேன், லீவு மட்டும் இப்போதே சொல்லி வை. உன் பழைய பிரௌன் ஸ்வெட்டரை அம்மா துவைத்து எடுத்து வைத்திருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா