செயலாளர் ஆண்டறிக்கை 2023: போகாத பனிப் பயணம்

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் நம் தென்னாப்பிரிக்க டர்பன் சங்க உறுப்பினர் குடும்பங்களுக்கும் வணக்கம்.

வழக்கமான வேலைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். செயற்குழு மாதந்தோறும் கூடியது. லோட் ஷெடிங் மின்வெட்டால் இரண்டு கூட்டங்களை மெழுகுவத்தி வெளிச்சத்தில் முடித்தோம். தைப்பூச அன்னதானம், புரட்டாசி பூசை, சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு எல்லாம் நடந்தன. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் ஒழுக ஆரம்பித்த மண்டபக் கூரை இன்னும் ஒழுகுகிறது. அதைப் பொருளாளர் சொல்வார், நான் தப்பித்தேன்.

தப்ப முடியாதது ஜூலைப் பயணம். குளிர்காலப் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைப் பனி பார்க்க டிஃபின்டெல் பனிச்சறுக்கு மையத்துக்குக் கூட்டிப்போவதென்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானம் போட்டோம். முன்மொழிந்தவன் நான்தான். என் கையில் இருந்தது, என் அக்கா குடும்பம் பல வருஷத்துக்கு முன் போய்வந்தபோது கொண்டுவந்த ஒரு விளம்பரத் தாள். ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். பஸ்ஸுக்கு முன்பணம் கொடுத்த பிறகுதான் மலையடிவாரத்து ரோட்ஸ் கிராமத்தில் அறை கேட்டுக் கூப்பிட்டேன். "மேலே பூட்டிக் கிடக்கிறதே, தெரியாதா?" என்றார் போனை எடுத்த அம்மா.

கிழக்கு கேப் மாகாணத்தில், பென் மக்டூயி மலைச் சரிவில், 2,720 மீட்டர் உயரத்தில் இருக்கிறது டிஃபின்டெல். நம் நாட்டில் இருந்த ஒரே பனிச்சறுக்கு மையம் அதுதான். 1993இல் திறந்தது; நடுவில் மூடி, கை மாறி, 2013இல் மறுபடி திறந்தது; 2023இல் பார்த்தால் மறுபடியும் பூட்டு, மறுபடியும் விற்பனைப் பேச்சு.

இதைச் செயற்குழுவில் சொன்னதும், கட்டட வேலையில் ஓய்வு பெற்ற நம் மூத்த உறுப்பினர், "அப்போ நாமே வாங்கிப் போட்டால் என்ன?" என்றார். எல்லோரும் சிரித்தோம், அவர் சிரிக்கவில்லை. நிகழ்ச்சி நிரல் தாளைத் திருப்பிப் போட்டுக் கணக்கு எழுத ஆரம்பித்தார். டிஃபின்டெல் இருக்கும் டிராக்கன்ஸ்பர்க் மலைத்தொடரில் பனி விழும், ஆனால் வெயில் ஏறினால் சில நாளில் கரைந்துவிடும். அதனால் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே போகும் இரவுகளில் இயந்திரம் வைத்துத் தண்ணீரைப் பீய்ச்சிப் பனி செய்ய வேண்டும். அதற்குத் தண்ணீர், மின்சாரம், மின்சாரம் போனால் டீசல். ரோட்ஸிலிருந்து மேலே போவது செங்குத்தான மண் பாதை. இவ்வளவும் செய்தால் சறுக்குகிற காலம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. "மீதி ஒன்பது மாசம் மாடு மேய்க்கலாம்" என்று தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். எனக்கு அந்தத் தாள் பெரிய விஷயமாகவே தோன்றியது. யார் வாங்கினாலும் முதலில் இந்தக் கணக்கைத்தான் போட்டாக வேண்டும். கீழே ரோட்ஸில் அறை வாடகைக்கு விடுகிறவர்களுக்கும் இதே கணக்குதான், அவர்களை யாரும் ஏலத்துக்குக் கூப்பிடுவதில்லை என்பதுதான் வித்தியாசம்.

சரி, லெசோத்தோவில் ஆஃப்ரிஸ்கி பனிச்சறுக்கு மையம் நடக்கிறதே, அங்கே போகலாமே என்றார்கள். 3,222 மீட்டர் உயரம், பனியும் உண்டு. ஆனால் அது வேறு நாடு. எல்லையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாஸ்போர்ட் வேண்டும், கூட வராத பெற்றோரின் சம்மதக் கடிதம் வேண்டும். கேட்டுப் பார்த்தோம், பாதிப் பிள்ளைகளுக்குப் பாஸ்போர்ட்டே இல்லை. பயணத்தைக் கைவிட்டோம். பஸ் முன்பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது. மீதியை நான் என் கையிலிருந்து கட்டிவிட்டேன், கணக்கில் பார்க்கலாம்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. ஜூலை 10ஆம் தேதி ஜோகன்னஸ்பர்கில் பனி கொட்டியது, 2012க்குப் பிறகு முதல் தடவையாக. நம் பிள்ளைகள் டர்பனில் அரைக்கை சட்டையோடு உட்கார்ந்து அதைப் போனில் பார்த்தார்கள். ஆயாமார்கள் இந்தப் பயணத்துக்கென்றே பின்னிய கம்பளித் தொப்பிகள் மண்டப அலமாரியில், பாச்சை உருண்டை போட்ட பையில் பத்திரமாக இருக்கின்றன. இரண்டு தொப்பிகளைப் பொங்கல் நாடகத்தில் திருடர்களுக்கு மாட்ட எடுத்திருக்கிறார்கள். திருப்பி வைக்கவும்.

அடுத்த ஜூலைக்குச் செயற்குழுவின் முடிவு ஆஃப்ரிஸ்கி. டிஃபின்டெல் யார் கைக்குப் போகிறது, திறக்கிறதா என்று காத்திருந்தால் இந்தப் பிள்ளைகளுக்குக் கல்யாண வயசாகிவிடும். பாஸ்போர்ட் இல்லாத பிள்ளைகளின் பெயரை வாசல் மேசை நோட்டில் இன்றே எழுதிவிட்டுப் போங்கள். இந்தத் தடவை நான் முதலில் போன் பண்ணிவிட்டேன்.

இப்படிக்கு,
செயலாளர்