வேளைக்குச் சாப்பிட வைத்தவர்களுக்கு

அன்புள்ள டாக்டரம்மா, ஊட்டச்சத்து ஆலோசகர் அக்கா, ஜிம் மாஸ்டர், என் அத்தை, அப்புறம் எல்லோருக்கும் முந்தி என் நோயைக் கண்டுபிடித்த பல் டாக்டர், உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

பாபநாசம் பக்கம் நெல் விளைகிற வீட்டில் பிறந்தவள் நான். ஏழு வருஷமாக எங்கள் வயல் அரிசியைப் பார்த்தே பயந்தேன். பகலெல்லாம் பட்டினி கிடப்பேன். ராத்திரி எல்லோரும் தூங்கியதும் அடுக்களையில் நின்றபடியே கையில் கிடைத்ததையெல்லாம் அள்ளி அள்ளிச் சாப்பிடுவேன். அப்புறம் கொல்லைப்பக்கம் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்து படுப்பேன். எடை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதனால் யாருக்கும் தெரியவில்லை. இதற்குப் புலிமியா என்று பெயர் இருப்பதோ, 1979-லேயே லண்டனில் ஒரு மருத்துவர் இதைத் தனி நோயாக விவரித்து எழுதியதோ எனக்குத் தெரியாது. என் புத்தி கெட்டுவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன்.

பல் டாக்டர், பல் கூசுகிறதென்றுதான் உங்களிடம் வந்தேன். முன்பற்களின் உள்பக்கம் எனாமல் கரைந்திருப்பதைக் கண்ணாடியில் காட்டினீர்கள். அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, "சாப்பிட்டதும் வாந்தி எடுக்கிறீங்களாம்மா?" என்று மெதுவாகக் கேட்டீர்கள். அதுவரை என்னை யாரும் கேட்டதில்லை. நான் அழுது முடிக்கும்வரை காத்திருந்தீர்கள். வாந்தி எடுத்த உடனே பல் தேய்த்தால் இன்னும் தேயும், வாயைக் கொப்பளித்தால் போதும் என்று சொல்லி, மனநல மருத்துவருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தீர்கள்.

டாக்டரம்மா முதலில் ரத்தப் பரிசோதனையும் ஈசிஜியும் எடுக்கச் சொன்னார். வாந்தியால் பொட்டாசியம் குறைந்தால் இதயத் துடிப்பே தடுமாறுமாம். பேச்சு சிகிச்சையோடு உடற்பயிற்சியும் உணவு ஆலோசனையும் சேர்த்துக்கொள்ளலாம் என்றார். நார்வேயில் என்னைப் போன்ற பெண்களுக்கு இவ்விரண்டையும் குழுவாக 16 வாரம் கொடுத்துப் பார்த்ததில் நல்ல பலன் இருந்தது என்று விளக்கினார். எடை மிகவும் இறங்கியவர்களுக்கு உடம்பு தேறும்வரை உடற்பயிற்சி கூடாது என்பதையும் அழுத்திச் சொன்னார். இதைப் படிப்பவர்கள் இந்த ஒன்றை மறக்க வேண்டாம்.

அக்கா, உங்களைப் பற்றித்தான் நிறைய எழுத வேண்டும். முன்பு ஒரு எடைக்குறைப்பு நிலையத்தில் சோற்றை அறவே நிறுத்தி, பொடியைக் கரைத்துக் குடிக்கச் சொன்னார்கள். ராத்திரிப் பசி வெறியாக மாறியது அதற்கப்புறம்தான். நீங்கள் எதையும் நிறுத்தச் சொல்லவில்லை. மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் சுண்டலோ வாழைப்பழமோ, நாலு மணி நேரத்துக்கு மேல் வயிறு காயக் கூடாது என்பது மட்டும்தான் உங்கள் சட்டம். பகலில் பட்டினி போட்டால் ராத்திரி உடம்பு கடனை வசூலிக்கும் என்றீர்கள். ஒரு நோட்டில் சாப்பிட்ட நேரம், இடம், அப்போது மனசில் ஓடியது எல்லாம் எழுத வேண்டும். ஆனால் கலோரிக் கணக்கு எழுதவே கூடாது. முதல் நாள் ஒரு கரண்டி சோற்றுக்கு முன்னால் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். குழம்பு ஆறி ஏடு கட்டிவிட்டது. நீங்களும் உங்கள் டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, நான் முதல் கவளம் எடுக்கும்வரை சாப்பிடாமலே உட்கார்ந்திருந்தீர்களே, அதை எப்படி மறப்பேன்?

மாஸ்டர், "சாப்பிட்டுட்டு வந்தீங்களா?" என்பதுதான் தினமும் உங்கள் முதல் கேள்வி. இல்லையென்றால் வாழைப்பழம் வாங்கிக் கொடுத்து உட்கார வைத்துவிடுவீர்கள். டிரெட்மில்லில் கலோரி ஓடும் திரையை உங்கள் நீலத் துண்டைப் போட்டு மூடினீர்கள். தின்றதற்குத் தண்டனையாகவே ஓடிக்கொண்டிருந்த எனக்கு, பளு தூக்கக் கற்றுக்கொடுத்தீர்கள். 2 கிலோ டம்பெல்லில் ஆரம்பித்தோம். நாலாவது மாதம் திண்ணையில் கிடந்த 25 கிலோ அரிசிச் சிப்பத்தை நானே தூக்கிக்கொண்டு அடுக்களைக்குள் போனேன். அப்பா வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தை, கல்யாண வீடுகளில் என் உடம்பைப் பற்றி நீங்கள் சொன்ன வார்த்தைகள் வலித்தன. டாக்டரம்மா கூப்பிட்டுப் பேசியபின் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இந்த ஆடிப்பெருக்கன்று கும்பகோணம் சக்கரப் படித்துறையில் எலுமிச்சை சாதமும் தேங்காய் சாதமும் புளியோதரையும் எல்லோருக்கும் போல எனக்கும் வைத்தீர்கள். சாப்பிட்டு முடித்த அடுத்த ஒரு மணி நேரம்தான் எனக்குக் கஷ்டமான நேரம் என்று தெரிந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு உங்கள் கல்யாணக் கதையைச் சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். கட்டிவிட்ட மஞ்சள் கயிற்றை இன்னும் அவிழ்க்கவில்லை.

முழுக்கச் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். போன மாதம் இரண்டு முறை வழுக்கினேன். இரண்டு முறையும் மறுநாள் காலை வேளை தப்பாமல் இட்லி சாப்பிட்டேன், அக்கா. நோட்டில் எழுதியிருக்கிறேன். என்னைப் போல் யாராவது ஒளிந்து அழுதுகொண்டிருந்தால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

மாஸ்டர், அந்த நீலத் துண்டு என்னிடம்தான் இருக்கிறது. துவைத்து வைத்திருக்கிறேன், திங்கட்கிழமை கொண்டு வருகிறேன்.

என்றும் அன்புடன்,
பாபநாசத்துப் பெண்