தேன் கடைசியில்தான்

அன்பு மகனுக்கு,

நாங்கள் சுகம். இரணைமடுக் குளத்தில் தண்ணீர் நிற்கிறது, சிறுபோகத்துக்கு விதைத்தாயிற்று. மற்றக் கதைகளைப் போனில் பேசலாம். இந்தக் கடிதம் நீ செய்முறை கேட்ட, ஓவனில் வாட்டுகிற தேன் கோழிக்காக மட்டும்.

நீ கேட்டபோது அம்மா சொன்ன அளவுகள் "ஒரு கை", "கண்ணுக்குத் தெரியும்", "வாசம் வந்ததும் இறக்கு" என்றுதான் இருந்தன. அதை வைத்துக்கொண்டு ரொறன்ரோவில் நீ என்னத்தைச் சமைப்பாய்? அதனால் அவ அடுத்த முறை செய்தபோது கொப்பியும் பேனையுமாகக் குசினியில் நின்றேன். "சோதனை மண்டபத்தில் மேற்பார்வை பார்க்கிற மாதிரி நிற்காதேங்கோ" என்று ஏசினா. ஆனாலும் அவ அள்ளியதை எல்லாம் கரண்டியால் அளந்து எழுதிவிட்டேன்.

முதல் வேலை, உன் ஓவனுக்குள் அடுக்கி வைத்திருக்கிற தாச்சியையும் சட்டிகளையும் வெளியே எடு. வீடியோவில் பார்த்தேன். மாத வாடகையோடு ஒரு நல்ல அடுப்பு கிடைத்திருக்கிறது, நீ அதை அலுமாரியாக்கி வைத்துவிட்டு இரவு பத்து மணிக்குக் கொத்து ரொட்டி வாங்கிச் சாப்பிடுகிறாய்.

கோழியில் தொடைத் துண்டு வாங்கு. எலும்பும் தோலும் இருக்க வேண்டும். கறிக்கு நாங்கள் தோலை உரித்துவிடுவோம், இதற்கு உரிக்கக் கூடாது. கொழுப்பு உருகி இறைச்சியை ஈரமாக வைத்திருப்பது அந்தத் தோல்தான். நெஞ்சு இறைச்சி ஓவனில் கொஞ்சம் பிந்தினாலும் காய்ந்து சக்கையாகிவிடும். இங்கே எங்கள் வளவில் மேய்கிற ஊர்க்கோழிக்கு ருசி அதிகம், ஆனால் இந்தச் சமையலுக்கு அது தோதுப்படாது. அது குழம்பில் நின்று நிதானமாக அவிய வேண்டிய இறைச்சி. அம்மாவே இதற்குக் கிளிநொச்சிச் சந்தையில் புரொய்லர்தான் வாங்குகிறா.

ஒரு கிலோவுக்குக் கணக்குச் சொல்கிறேன். உப்பு மட்டமாக இரண்டு தேக்கரண்டி. அம்மாவின் தூள் ஒன்றரை மேசைக்கரண்டி. மிளகுதூள் ஒரு தேக்கரண்டி. உள்ளி ஆறு பல்லும் பெருவிரல் அளவு இஞ்சியும் அரைத்து எடு. புளிக்காத தயிர் மூன்று மேசைக்கரண்டி. தேசிக்காய் அரைவாசி போதும். இரவு முழுக்க ஊறுகிற இறைச்சிக்குப் புளியைக் கூட்டினால் மேல்பக்கம் மாவு மாதிரிக் குழைந்துவிடும். எல்லாவற்றையும் பிரட்டி, தோலுக்கு அடியிலும் விரலால் தள்ளி, மூடிப் பிரிட்ஜில் வை.

தூளைப் பற்றி ஒரு வார்த்தை. கடையில் விற்கிற பார்பிகியூ சோஸ் போத்தலை வாங்கிப் பூசினால் வேலை முடிந்துவிடும் என்று உன் மச்சாள் சொல்லுவாள். அவள் செய்ததை நத்தாருக்குச் சாப்பிட்டோம். இனிப்பு மட்டும்தான் இருந்தது. செத்தல், மல்லி, பெருஞ்சீரகம், மிளகு, கறிவேப்பிலை எல்லாம் வறுத்து இடித்த எங்கள் தூளில் வறுத்த வாசம் முதலிலேயே இருக்கிறது. தேனுக்கு எதிரே நின்று பிடிக்க அதுதான் வேண்டும். போன முறை அனுப்பிய பை முடிந்திருந்தால் சொல்லு, ஆவணியில் வருகிறவர்களிடம் கொடுத்துவிடலாம்.

இறைச்சியைக் கழுவுவது பற்றி எனக்கும் அம்மாவுக்கும் இன்னும் தீராத வழக்கு. மஞ்சளும் தேசிக்காய்ப் புளியும் போட்டு மூன்று தண்ணீரில் அலசாமல் அவ சட்டியில் போடமாட்டா. நீ கழுவாதே. குழாயடியில் தெறிக்கிற தண்ணீரோடு சல்மொனெல்லா போன்ற கிருமிகள் பாத்திரங்களுக்கும் மரக்கறிக்கும் பரவும். சூட்டில் அவை செத்துவிடும், தண்ணீரில் சாகாது. கனடாவின் சுகாதாரத் துறையும் இதையேதான் சொல்கிறது. அம்மா கேட்டால் கழுவினேன் என்று சொல்லிவிடு.

அடுத்த நாள் சமைக்க அரை மணி நேரம் முன்பே கோழியை வெளியே எடு. உங்கள் ஓவனில் பரனைற் கணக்கு இருக்கும். 400 என்று திருப்பு, அது இங்கத்தைய 200 பாகை செல்சியஸ். சூடேறி முடிந்த பிறகுதான் தட்டை உள்ளே வைக்க வேண்டும். தோல் மேலே பார்த்தபடி இருக்கட்டும், துண்டுகள் ஒன்றோடொன்று முட்டக் கூடாது. நெருக்கி அடுக்கினால் வாட்டுவதற்குப் பதிலாக அவித்துவிடுவாய். 35 நிமிடம் அப்படியே விடு.

அதற்குள் மேலே பூசுகிற தேன்பாகைச் செய். தேன் மூன்று மேசைக்கரண்டி, ஒன்றிரண்டாக இடித்த செத்தல் மிளகாய் ஒரு தேக்கரண்டி, நசுக்கிய உள்ளி இரண்டு பல், பட்டர் ஒரு துண்டு, சிட்டிகை உப்பு. குறைந்த நெருப்பில் இளக்கி, இறக்கிய பிறகு அரைத் தேசிக்காய் பிழி. அடுப்பில் இருக்கும்போது பிழிந்தால் அந்த வாசம் போய்விடும். பூசும்போது கோழி ஏறக்குறைய வெந்திருக்க வேண்டும். பூசி ஐந்து நிமிடம், இன்னொரு முறை பூசி இன்னும் ஐந்து நிமிடம். அவ்வளவுதான்.

இந்த இடத்தை இரண்டு முறை வாசி. தேனில் பிரக்டோஸ் என்கிற பழவெல்லம் அதிகம். சாதாரணச் சீனி 160 பாகைக்கு மேலேதான் கருகத் தொடங்கும், பழவெல்லம் 110 பாகை அளவிலேயே நிறம் மாறும். 200 பாகைச் சூட்டில் தொடக்கத்திலேயே தேனைப் பூசினால் உள்ளே இரத்தம் இருக்கும்போதே வெளியே கரியாகிக் கசக்கும். ஆகவே உறைப்பு முதல் நாளே உள்ளே போகட்டும், இனிப்புக் கடைசியில்தான்.

வெந்துவிட்டதா என்று பார்க்க ஒரு வெப்பமானி வாங்கு. எலும்பில் படாமல் தடித்த இடத்தில் குத்த வேண்டும். 165 பரனைற்றுக்குக் குறையக் கூடாது. தொடை என்றால் 180 வரை போனாலும் நட்டமில்லை, இன்னும் மென்மையாகவே வரும். வெளியே எடுத்த பிறகு பத்து நிமிடம் கை வைக்காதே.

தேனை நீ அங்கேயே வாங்கு. இங்கிருந்து அனுப்பச் சொல்லிக் கேட்டாய், போத்தல் பெட்டிக்குள் உடைந்தால் மற்றவர்களின் உடுப்பும் பாழாகும். பாலை மரங்கள் பூத்து முடிந்த பிறகு முல்லைத்தீவுக் காட்டுப் பக்கத்தில் இருந்து வருகிற தேனுக்கு ஈடில்லைதான். ஆனால் வீதியோரத்தில் சாராயப் போத்தலில் விற்பதெல்லாம் தேன் என்று நம்பமுடியாது. தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, நெருப்புக்குச்சியில் தடவிப் பற்றவைப்பது எல்லாம் சீனிப்பாகைக் கண்டுபிடிக்க உதவாது. தெரிந்த ஆளிடம் வாங்குவது ஒன்றுதான் வழி. உன் நண்பன் குடும்பத்தோடு வந்தால், ஒரு வயது ஆகாத குழந்தைக்கு இந்தப் பாகைத் தொட்டும் கொடுக்க வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து அந்த வயதில் ஆபத்து.

கோழிக்குத் தேனா என்று பெரியம்மா மூக்கைச் சுளித்தா. எனக்குள் இருக்கிற பழைய சரித்திர வாத்தியார் சும்மா இருப்பாரா? கண்டியில் 19 வருடம் சிறைப்பட்டுக் கிடந்து, 1679இல் அருவியாற்றங்கரைக் காடு வழியாக அரிப்புக்குத் தப்பி வந்த ரொபேட் நொக்ஸ் என்ற ஆங்கிலேய மாலுமி, வேடர்கள் மரப்பொந்தில் தேனை ஊற்றி இறைச்சியை அதற்குள் போட்டுக் களிமண்ணால் அடைத்துப் பஞ்ச காலத்துக்கு வைத்திருந்ததாக எழுதியிருக்கிறார். பெரியம்மா இதைக் கேட்டுவிட்டு இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டா.

ஓவன் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று நீ யோசிக்கத் தேவையில்லை, ஆனாலும் தெரிந்திரு. தொண்ணூறுகளில் இங்கே மின்சாரமும் இல்லை, மண்ணெண்ணெயும் அரிது. அக்காவின் பிறந்தநாள் கேக்கைச் சட்டிக்குள் வைத்து, மூடிக்கு மேலே சிரட்டைத் தணலைப் பரப்பித்தான் அம்மா சுட்டா. 2022இல் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு, கேசும் இல்லை. அப்போது இந்தக் கோழியும் அதே மாதிரித்தான் வெந்தது. கீழே தணல் குறைவு, மேலே அதிகம். உண்மையைச் சொன்னால் ஓவனில் செய்வதைவிட எனக்கு அதுதான் பிடிக்கும். அம்மா சம்மதிக்கமாட்டா. புகையில் கண்ணெரிய இருந்தது அவதானே.

தட்டின் ஓரங்களில் வற்றாளங்கிழங்கைத் துண்டாக்கிப் போட்டால் கோழியின் நெய்யிலேயே வாடிவிடும். பக்கத்தில் வெங்காயமும் பச்சைமிளகாயும் தேசிக்காயும் பிசைந்த சம்பல் ஒன்று. சோறு வேண்டாம், பாண்தான் இதற்குச் சரி. இங்கே போறணையில் சுட்ட ரோஸ்ட் பாணைப் பிய்த்துத் தட்டில் மிஞ்சிய பாகைத் துடைத்துச் சாப்பிடுகிறோம். உனக்கு அங்கே கிடைக்கிற பாண் போதும், கொஞ்சம் வாட்டி எடு.

சனிக்கிழமை செய். அறைத் தோழர்களையும் இருத்திச் சாப்பிடு, பாத்திரம் கழுவும் வேலையை அவர்களிடம் கொடு. பாகு பூசும்போது யன்னலைத் திறந்து விசிறியைப் போடு, இல்லாவிட்டால் புகை மணி அடித்து முழு மாடியும் இறங்கி வரும். தட்டுக்கு அலுமினியத் தாள் விரிக்க மறக்காதே. எரிந்த தேனைச் சுரண்டுவது பெரும் பாடு.

அன்புடன்,
அப்பா
வட்டக்கச்சி

பி.கு: எலும்புகளை எறிய வேண்டாம் என்று அம்மா சொல்லச் சொன்னா. மிளகும் உள்ளியும் தட்டிப் போட்டு ரசம் வைக்கலாமாம். அளவு கேட்டேன். "கண்ணுக்குத் தெரியும்" என்றா.