மோல்ட்கேயும் நம்ம கன்ட்ரோல் ஆபீசும்

அன்புள்ள சண்முகம்,

இங்கே எல்லோரும் சௌக்கியம். என் மூட்டுவலி அப்படியேதான் இருக்கிறது. அந்தோணி மகள் கல்யாணத்துக்கு நீ வரவில்லை என்று அவன் இன்னும் முறைத்துக்கொண்டிருக்கிறான். அதை நீயே பேசித் தீர்த்துக்கொள், என்னை நடுவில் இழுக்காதே.

எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு. பேத்தி போனில் ஒரு பழைய ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினாள். ஒரே இரைச்சல், கரகரப்பு. அதற்கு அடியில் ஒரு கிழவர் ஜெர்மனில் பேசுகிறார். 1889 அக்டோபரில் எடிசனுடைய ஆள் வாங்கெமான் மெழுகு உருளையில் பிடித்த குரல். பேசுகிறவர் ஹெல்முத் ஃபான் மோல்ட்கே, ஜெர்மனியின் பெரிய அரசாக இருந்த பிரஷ்யாவின் பீல்டு மார்ஷல். பிறந்தது 1800-ல். அவ்வளவு முன்னால் பிறந்த வேறு யார் குரலும் இன்று கேட்கக் கிடைப்பதில்லையாம். எப்போதோ புதைத்த மனிதன்கூட மறுபடி வாய் திறந்து இன்றைய உலகத்துக்கு வணக்கம் சொல்ல இந்த மெஷின் வழி செய்கிறது என்கிற மாதிரி அவரே அதில் பேசுகிறார். உடம்பு சிலிர்த்துவிட்டது. அப்புறம் விடுவேனா, கையில் கிடைத்ததை எல்லாம் படித்தேன்.

ஆரம்பத்தில் பாவப்பட்ட மனுஷன். படித்தது டென்மார்க் படைப்பள்ளியில், பிரஷ்யாவுக்கு வந்தது 1822-ல். குதிரை வாங்கக் காசில்லை. ஆங்கில வரலாற்றாசிரியர் கிப்பனின் ரோம வரலாற்றை ஜெர்மனில் பெயர்த்துத் தர 75 பவுண்டுக்கு ஒப்புக்கொண்டார். பன்னிரண்டு தொகுதியில் ஒன்பதை முடித்த பிறகும் புத்தகம் வெளிவரவில்லை, கைக்கு வந்தது 25 பவுண்டு. உன் ஓவர்டைம் அரியர்ஸை நினைத்துக்கொண்டேன்.

பிறகு துருக்கிக்குப் போய் சுல்தானின் படைக்கு ஆலோசகராக இருந்தார். 1839-ல் நிசிப் என்ற இடத்தில் எகிப்துப் படை சுற்றிக்கொண்டு வருகிறது. பின்வாங்கிப் பிரெசிக்குக்குப் போய்விடலாம் என்று இவர் தளபதி ஹாஃபிஸ் பாஷாவிடம் மன்றாடினார். பாஷா கேட்கவில்லை. படையே சிதறிப் போயிற்று. நம்ம வெள்ள ராத்திரி ஞாபகம் வந்தது. மேலே எழுத வேண்டாம், உனக்கே தெரியும்.

இப்போது நம் ரயில்வே தொழிலுக்கு வருகிறேன். ஜெர்மனியில் ரயில் ஓட ஆரம்பித்துப் பத்து வருஷம்கூட ஆகாத காலத்தில் இந்த மனுஷன் பெர்லின்-ஹாம்பர்க் பாதையில் தன் சேமிப்பைப் போட்டு, இயக்குநர் குழுவிலும் உட்கார்ந்தார். ரயில்பாதையை எந்த வழியாகப் போடவேண்டும் என்று 1843-ல் ஒரு கட்டுரையும் எழுதினார். 1857-ல் போர்த் திட்டம் போடும் தலைமைப் படையலுவலகம் கைக்கு வந்ததும் ரயிலுக்கென்றே தனிப் பிரிவு, டைம்டேபிள், ஒத்திகை எல்லாம் வந்தன. 1866-ல் ஆஸ்திரியாவோடு சண்டை வந்தபோது பிரஷ்யாவுக்கு ஐந்து பாதை, ஆஸ்திரியாவுக்கு ஒன்றே ஒன்று. மிச்சத்தை நீயே கணக்குப் போடு.

ஆனால் சண்முகம், புகழ்கிறவர்கள் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். ஆளைக் கொண்டுபோய் இறக்கிவிட்டார்களே தவிர, பின்னால் வந்த சரக்கை இறக்க ஏற்பாடு இல்லை. வேகன்கள் பாதையை அடைத்துக்கொண்டு நின்றன. ரொட்டி பூஞ்சை பிடித்தது, தீவனம் அழுகியது, படையோ முன்னால் பசியோடு நடந்தது. டெமரேஜ், அதாவது வேகனைக் காலி பண்ணாமல் நிறுத்திவைத்தால் போடும் அபராதம், என்ற ஒன்றைக் கேள்விப்படாத ஆபீசர்கள்! 1870-ல் பிரான்ஸோடு சண்டை போட்டபோதும் அதே கூத்து. ஜெயித்துவிட்டதால் யாரும் கேட்கவில்லை.

அந்த 1866 சண்டையில் கோனிக்கிரேட்ஸ் என்ற இடத்தில் ஜெயித்தபோது அவருக்கு வயது 65. அதுவரை ஒரு கம்பெனிப் படையைக்கூடத் தலைமை தாங்கிப் போருக்குக் கூட்டிப்போனதில்லை. அன்றைக்கு அவர் உத்தரவு போய்ச் சேர்ந்ததும் ஒரு டிவிஷன் தளபதி, “எல்லாம் சரி, இந்த ஜெனரல் மோல்ட்கே யார்?” என்று கேட்டாராம். பிரமோஷன் வரவில்லை என்று நீ மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தது எந்த வயதில்?

சரி, விளையாட்டு போதும். மனுஷனை முழுக்கப் பிடிக்கவும் இல்லை எனக்கு. நிரந்தர அமைதி ஒரு கனவு, அழகான கனவுகூட இல்லை என்று 1880-ல் ஒரு சட்ட அறிஞருக்கு எழுதியிருக்கிறார். அதே ஆள் 1890-ல் நாடாளுமன்றத்தில் எழுந்து, அடுத்த போர் முடிய ஏழு வருஷமும் ஆகலாம், முப்பது வருஷமும் ஆகலாம், ஐரோப்பாவுக்குத் தீ வைப்பவனுக்குக் கேடுதான் என்கிறார். இடையில் என்ன நடந்தது? வயசா? தானே செய்துவைத்த போர் யந்திரத்தைப் பார்த்துப் பயமா? மனைவி மேரி 1868 கிறிஸ்துமசுக்கு முந்தின நாள் இறந்துவிட்டாள், பிள்ளை இல்லை. தன் கிரைசாவ் பண்ணையில் அவளுக்குத் தானே வரைந்து கட்டிய சிறு கோயிலுக்குப் போய் உட்காருவாராம். அந்தப் பேச்சுக்கு அடுத்த ஆண்டு, 1891-ல், போய்விட்டார்.

யந்திரம் நிற்கவில்லை. 1914 ஆகஸ்ட் 1, அதே பெயர் கொண்ட அவருடைய தம்பி மகன் அதே நாற்காலியில். படையை மேற்கே பிரான்ஸ் பக்கம் விடவேண்டாம், கிழக்கே ரஷ்யா பக்கம் திருப்பு என்கிறார் ஜெர்மன் பேரரசர் கைசர். முடியாது, வருஷக்கணக்கில் போட்ட திட்டம், மாற்றினால் எல்லாம் குழம்பிவிடும் என்கிறார் இவர். “உன் பெரியப்பா வேறு பதில் சொல்லியிருப்பார்” என்றாராம் கைசர். முன்பு படையின் ரயில்வே பிரிவுக்குத் தலைவராக இருந்த ஸ்டாப்ஸ், போர் முடிந்த பிறகு, ரயில்களைத் திருப்பியிருக்க முடியும் என்று கணக்கோடு ஒரு புத்தகமே எழுதினார்.

நீ ரயில்களை ஓட்டுவிக்கும் கன்ட்ரோல் போர்டில் உட்கார்ந்தவன். ஸ்பெஷல் ரயில்கள் எல்லாம் கிளம்பத் தயாராக நிற்கும்போது திசையை மாற்று என்று ராத்திரி போன் வந்தால் என்ன செய்திருப்பாய்? எனக்கென்னவோ ஸ்டாப்ஸ் சொல்வதுதான் சரியென்று படுகிறது. ஆனால் அவரும் ரயில்வேக்காரர், துறையை விட்டுக்கொடுக்க மாட்டார். பதிலைக் கைப்பட எழுது. வாட்ஸப்பில் கட்டைவிரலைக் காட்டித் தப்பிக்காதே. தங்கச்சிக்கு என் விசாரிப்பைச் சொல்.

உன்,
கோபாலன்